டெலோமரேஸ்: பூட்டு கிடைச்சது, சாவி லேட்டாச்சு

1984, டிசம்பர் 25. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். கிறிஸ்துமஸ் அன்னிக்கு லேபுக்கு வந்த ஒரு மாணவி, ஒரு எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்துப் பார்க்கிறாங்க. அதில் ஏணிப்படி மாதிரி வரிசையா கோடுகள். அந்த மாணவி கேரல் கிரைடர், வயசு 23. அவங்க பேராசிரியர் எலிசபெத் பிளாக்பர்ன். குளத்தில் வாழும் ஒரு குட்டி உயிரியில் இவங்க கண்டுபிடிச்ச அந்த நொதிதான் டெலோமரேஸ். 2009-ல் ஜாக் சோஸ்டாக்கோட சேர்த்து இவங்களுக்கு நோபல் பரிசு.

அது என்ன பண்ணும்? நம்ம குரோமோசோமோட நுனியை ஒரு பென்சில்னு வச்சுக்கோங்க. செல் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் கொஞ்சம் சீவப்படும். ஏறக்குறைய 50 தடவைக்கு மேல சாதாரண செல் பிரியாதுன்னு லியோனார்ட் ஹேஃபிளிக் 1961-லேயே காட்டிட்டார். டெலோமரேஸ், சீவின பென்சிலைத் திரும்ப வளர வைக்கும்.

1994-ல் 101 புற்றுக்கட்டி மாதிரிகளைச் சோதிச்சாங்க. 90-ல் டெலோமரேஸ் இருந்தது. சாதாரண திசு மாதிரிகள் 50-ல் ஒண்ணுலகூட இல்லை! அப்போ இதை நிறுத்தினா கேன்சர் செத்துடும், நல்ல செல்லுக்கு ஒண்ணும் ஆகாது. கேட்கவே எவ்வளவு அழகா இருக்கு, இல்லையா?

இங்கதான் சிக்கல். நொதியை நிறுத்தினாலும் பென்சில் உடனே தீராது. கேன்சர் செல் இன்னும் பல தடவை பிரிஞ்சாதான் நுனி தேயும். அதுவரை கட்டி வளர்ந்துகிட்டே இருக்கும். நோயாளிக்கு அவ்வளவு நேரம் கிடையாது. சில புற்றுகள் டெலோமரேஸே இல்லாம வேற வழியில் நுனியை நீட்டிக்கும். ஜெரான் நிறுவனத்தோட இமெடெல்ஸ்டாட் மருந்து நுரையீரல், மார்பகப் புற்றுகளில் தோத்துப் போச்சு. பிளேட்லெட் குறைஞ்சதால விடாம கொடுக்கவும் முடியலை. கல்லீரல் கவலையால 2014-ல் அமெரிக்க அரசு சோதனைகளையே கொஞ்ச காலம் நிறுத்தி வச்சது.

கடைசியா 2024 ஜூனில் அனுமதி கிடைச்சது. எந்தக் கட்டிக்கும் இல்லை. எலும்பு மஜ்ஜை சரியா ரத்தம் உருவாக்காத எம்டிஎஸ் நோயில், அடிக்கடி ரத்தம் ஏத்திக்க வேண்டியவங்களுக்கு. மருந்து எடுத்தவங்களில் சுமார் 40 சதவீதம் பேர் குறைஞ்சது 8 வாரம் ரத்தம் ஏத்தாம இருந்தாங்க. போலி மருந்தில் 15 சதவீதம். கேன்சரையே ஒழிப்போம்னு கிளம்பின கதைக்கு இது சின்ன வெற்றியாத் தெரியலாம். ஆனா ரத்த பாட்டிலுக்காக மாசாமாசம் ஆஸ்பத்திரியில் காத்திருந்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க! பிளேட்லெட் பிரச்சினை மட்டும் இன்னும் போகலை. 4 வாரத்துக்கு ஒருமுறை ஊசி, ஒவ்வொரு டோஸுக்கும் முன்னாடி ரத்தப் பரிசோதனை.