பரிசில், ஊதியம், கையொப்பம்: குடவாசல் – கும்பகோணம் வட்டாரப் புலமையோரின் ஒழுங்கற்ற வருவாய்

முன்னுரை

எழுத்தை நம்பி வாழ்வோர்க்கு வருவாயின் குறைவைவிட, அது எப்போது வரும் என்று அறிய இயலாமையே பெருஞ்சிக்கல். இதனைச் சிக்கனம், ஈகை போன்ற தனிமனிதப் பண்புகளால் விளக்குவது போதாது. ஒரு வரவுக்கும் அடுத்த வரவுக்கும் இடைப்பட்ட காலத்தை யார் தாங்கினர் என்பதே அடிப்படை வினா என்பதைக் குடவாசல், கும்பகோணம் வட்டாரச் சான்றுகளைக்கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

புரவலனும் பரிசிலும்

சங்ககாலக் குடவாயிலே இன்றைய குடவாசல் என்பர். அவ்வூர்ப் புலவர் குடவாயிற் கீரத்தனார், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தனின் மறைவுக்கு இரங்கிப் பாடியது புறநானூற்றின் 242ஆம் பாடல். பூத்த முல்லையைச் சூடாதவர்களுள் பாணனையும் பாடினியையும் அப்பாடல் சுட்டுகிறது. கையறுநிலைத் துறையில் அமைந்த இதனைப் பொருளியல் நோக்கிலும் வாசிக்க இடமுண்டு. பரிசில் வாழ்க்கையில் புரவலனின் இறப்பு, வருவாயின் இறப்பும் ஆகும்.

மடமும் மகாவித்துவானும்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அன்பர்கள் வேண்டியவாறு தலபுராணங்கள் பல இயற்றினார். சுப்பிரமணியத் தம்பிரானின் வேண்டுகோளால் இயற்றிய திருப்பெருந்துறைப் புராணத்தை 1873ஆம் ஆண்டளவில் ஆவுடையார்கோயிலில் அரங்கேற்றினார். அரங்கேற்றத்தின்போது பொருள் மொத்தமாக வரும். உடனுறையும் மாணவர்க்கு உணவளிக்கும் செலவோ நாள்தோறும் நிகழும். இவ்விடைவெளியில் கடன் புகுந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு இடைவெளியைக் குறைத்ததேயன்றி முற்றும் நீக்கவில்லை.

மாணவர் கண்ட வழி

அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் (1855–1942) பிறந்த உத்தமதானபுரம், குடவாசலை அடுத்த வலங்கைமான் வட்டத்தில் உள்ளது. இசையும் கதாகாலட்சேபமும் கொண்டு ஊர்தோறும் பிழைத்த தந்தையையும், கடனில் வருந்திய ஆசிரியரையும் அவர் அருகிருந்து கண்டவர். 1880இல் தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். குடும்பச் செலவை மாத ஊதியம் தாங்கியது. 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்புக்கு அன்பர்களிடம் கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். வீட்டுச் செலவுக்கு ஒரு வழியும் நூற்செலவுக்கு வேறொரு வழியுமாகப் பிரிந்த இவ்வமைப்பே அவருடைய பதிப்புப்பணி நீடித்ததற்குரிய காரணங்களுள் ஒன்று.

இதழியல் காலம்

கும்பகோணத்தில் பிறந்த கு.ப.ராஜகோபாலன் (1902–1944) கண்நோயால் அரசுப்பணியை விட்டு எழுத்தையே தொழிலாகக் கொண்டார். மடமோ மாத ஊதியமோ இல்லாத நிலையில், இதழ்கள் தரும் சன்மானமே வரவாயிற்று. இறுதிக்காலத்தில் ‘கிராம ஊழியன்’ இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். ஆயினும் 42 வயதளவிலேயே மறைந்தார். புரவலன் இருந்த இடத்தில் இதழ் வந்தது. இடைக்காலத்தைத் தாங்கும் கடமை எவருக்கும் இல்லாமற்போயிற்று.

முடிவுரை

பரிசில், ஆதீன ஆதரவு, ஊதியம், சன்மானம் ஆகியவற்றைப் புலமையின் மதிப்பீடுகளாக மட்டும் கொள்ளாமல், காலத்தைத் தாங்கும் ஏற்பாடுகளாகவும் ஆராய்தல் வேண்டும். அவ்வாறு நோக்கின் மகாவித்துவானின் கடன் ஈகையின் விளைவு மட்டுமன்று. அரங்கேற்றத்துக்கு அரங்கேற்றம் பொருள் வந்த முறையின் விளைவுமாகும். அவருடைய மாணவர் பெற்ற உறுதி புலமையால் மட்டும் வந்ததன்று. மாதந்தோறும் தவறாது வந்த ஐம்பது ரூபாய்க்கும் அதில் பங்குண்டு.