அட்லாண்டிக் கரையில் அலைச்சறுக்கின் தொடக்கம்: மேற்கு ஆப்பிரிக்கச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அலைச்சறுக்கு பசிபிக் தீவுகளில் தோன்றி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாயிலிருந்து அட்லாண்டிக் கரைகளுக்குப் பரவியது என்பது பொதுவாக நிலவும் கருத்து. பதினேழாம் நூற்றாண்டு முதல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற ஐரோப்பியர்களின் பயணக்குறிப்புகள் இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன. அக்குறிப்புகளின் சான்றுவலிமையைத் தரம்பிரித்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்

அலைச்சறுக்கு, மேற்கு ஆப்பிரிக்கா, எல்மினா, ஆக்ரா, பயணக்குறிப்புகள், தோணி

முன்னுரை

1769இல் தாகித்தித் தீவில் ஜோசப் பேங்க்ஸ் எழுதிய நாட்குறிப்பே அலைச்சறுக்கைப் பற்றிய முதல் ஐரோப்பியப் பதிவாக நெடுங்காலம் கொள்ளப்பட்டது. அட்லாண்டிக் கரையின் வரலாறோ அதற்கும் வெகுகாலம் பிற்பட்டுத் தொடங்குவதாகவே எழுதப்பட்டது. 1909ஆம் ஆண்டையொட்டி வட கரோலினாவின் ரைட்ஸ்வில் கடற்கரையில் பர்க் பிரிட்ஜர்ஸ் முதலானோர் பலகைகளைக் கொண்டு முயன்றனர். 1912இல் ஹவாய் நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்கு அமெரிக்கக் கிழக்குக் கரையில் அலைச்சறுக்கை நிகழ்த்திக் காட்டினார். 1957இல் திரைக்கதையாசிரியர் பீட்டர் வியர்டல் பிரான்சின் பியாரிட்ஸில் சறுக்கினார். இந்த வரிசை பிழையன்று, ஆனால் முழுமையன்று. அட்லாண்டிக்கின் ஆப்பிரிக்கக் கரை இதில் இடம்பெறவில்லை. இவ்விடைவெளியைச் சுட்டிக்காட்டியவர்களுள் வரலாற்றாய்வாளர் கெவின் டாசன் குறிப்பிடத்தக்கவர்.

சான்றுகளும் அவற்றின் வலிமையும்

நீரில் பலகையைப் பயன்படுத்துவதெல்லாம் அலைச்சறுக்கு ஆகிவிடாது. உடலைத் தாங்கும் மிதவை, ஏற்ற அலைக்காகக் காத்திருத்தல், அவ்வலையின் விசையாலேயே கரை நோக்கிச் செல்லுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் மட்டுமே அதனை அலைச்சறுக்கு எனக் கொள்ளலாம். இவ்வளவுகோலின்படி கிடைக்கும் குறிப்புகளை நோக்குவோம்.

முதற்குறிப்பு மைக்கேல் ஹெம்மர்சாம் என்பவருடையது. இவர் டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் பணியாளராக 1639 முதல் 1645 வரை பயணம் மேற்கொண்டு, இன்றைய கானாவின் எல்மினாவில் தங்கியிருந்தார். அங்குப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பலகைகளில் கட்டி நீரில் விடுவதாகவும், நீந்தக் கற்பிப்பதே அதன் நோக்கம் என்றும் அவர் எழுதினார். இங்கு மிதவை உண்டு. அலையின் பங்கு கூறப்படவில்லை. ஆகவே 1640களிலேயே அலைச்சறுக்கு இருந்தது என்பதற்கு இக்குறிப்பு மட்டுமே போதிய சான்றாகாது.

அடுத்தது பிரெஞ்சு வணிகர் ழான் பார்போவின் குறிப்பு. 1679ஐ ஒட்டி எல்மினாச் சிறுவர் பலகைத் துண்டுகளையும் கோரைக் கட்டுகளையும் வயிற்றின்கீழ்ப் பொருத்தி நீந்தியதை அவர் பதிவு செய்துள்ளார். பார்போ தமக்கு முந்தைய நூல்களிலிருந்து பெருமளவு எடுத்தாண்டவர் என்பதால் இதனைத் தனிச்சான்றாகக் கொள்வதில் கவனம் தேவை. எனினும் வயிற்றின்கீழ் மிதவையை வைக்கும் முறை இங்குத் தெளிவாகிறது.

ஐயத்திற்கு இடமளிக்காத சான்றை 1837இல் வெளியான ஜேம்ஸ் எட்வர்ட் அலெக்சாண்டரின் பயண நூலில் காண்கிறோம். ஆக்ரா கடற்கரையில் சிறுவர்கள் இலேசான பலகைகளை வயிற்றின்கீழ்க் கொண்டு கடலுக்குள் நீந்திச் சென்றனர், அலைக்காகக் காத்திருந்தனர், அலை வந்ததும் அதன்மீதேறிக் கரை திரும்பினர் என அவர் எழுதுகிறார். மூன்று கூறுகளும் இங்கு முழுமையாகப் பொருந்துகின்றன. மேலும், 1861இல் நூல் வெளியிட்ட தாமஸ் ஹட்சின்சன், இன்றைய கேமரூனின் படாங்காவில் ஏறத்தாழ ஆறடி நீளமே உள்ள சிறு தோணிகளில் மீனவர் அலைமுகட்டின்மீது போட்டியிட்டுச் சறுக்கியதைக் குறிப்பிடுகிறார். மீன்பிடித் தொழிலினின்று விலகி அவர்கள் இவ்விளையாட்டில் ஈடுபட்டனர் என்பதும் அவர் தரும் செய்தியாகும்.

விளையாட்டும் தொழிலும்

இப்பழக்கம் வேரூன்றியதற்கான காரணம் கரையின் இயல்பிலேயே உள்ளது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் பெரும்பகுதியில் இயற்கைத் துறைமுகங்கள் இல்லை. ஐரோப்பியக் கப்பல்கள் அலை உடையும் பகுதிக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. சரக்குகளும் மாந்தரும் உள்ளூர்த் தோணிக்காரர்களின் துணையின்றிக் கரைசேர முடியவில்லை. அடிமைகளாக்கப்பட்டோரையும் இத்தோணிகளே கப்பல்களுக்குக் கொண்டு சென்றன. பொற்கரையின் தோணிக்காரர்கள் கிழக்கே உய்தா போன்ற இடங்களுக்கும் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். 1962இல் தேமா துறைமுகம் திறக்கப்படும் வரை ஆக்ராவில் படகுகளே சரக்கை இறக்கின. எனவே அலையின் வேகத்தையும் உடையும் தருணத்தையும் இளமையிலேயே உடலால் உணர்ந்துகொள்வது அம்மக்களுக்கு வாழ்வாதாரத் தேவையாயிற்று. பலகையில் விளையாடிய சிறுவனே பின்னாளில் தோணியோட்டியாக வளர்ந்தான் எனக் கருதுவது பொருத்தமுடையது.

ஐரோப்பியர்க்கு உடையும் அலை வணிகத் தடையாகவே தோன்றியது. அதனைக் குறிக்கும் ‘சர்ஃப்’ என்னும் ஆங்கிலச் சொல் தொடக்கத்தில் இந்தியக் கரையைப் பற்றிய எழுத்துகளிலேயே பெரிதும் வழங்கியது ஈண்டு நினைக்கத்தக்கது. துறைமுகமற்ற சென்னையிலும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகுகளும் கட்டுமரங்களுமே இயங்கின. அலையை இடையூறாக மட்டும் கண்ட பார்வையே ஆப்பிரிக்கச் சிறுவரின் செயலை ‘நீச்சற்பயிற்சி’ என்றோ ‘வேடிக்கை’ என்றோ வகைப்படுத்தியது எனலாம். அவ்வகைப்பாடே அவற்றை விளையாட்டு வரலாற்றாசிரியர்களின் பார்வையிலிருந்து மறைத்தது.

1966இல் வெளியான ‘தி என்ட்லெஸ் சம்மர்’ என்னும் ஆவணப்படம், கானாவின் கடற்கரை மக்களுக்கு அமெரிக்க இளைஞர்கள் அலைச்சறுக்கை அறிமுகப்படுத்துவதாகச் சித்திரிக்கிறது. அலெக்சாண்டர் கண்ட காட்சி நிகழ்ந்ததும் அந்நாட்டின் கரையிலேயே என்பது இம்மறதியின் ஆழத்தைப் புலப்படுத்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. பதினேழாம் நூற்றாண்டில் மிதவைப் பலகையின் பயன்பாடு உறுதி. அலைச்சறுக்கு என்பது அக்காலத்திற்கு ஊகமே. 1830களிலோ அது ஐயமற நிலைபெற்றிருந்தது. தோணித் தொழிலோடு அதற்கிருந்த நெருக்கம், அது ஹவாய்ச் செல்வாக்கின்றித் தனித்தே தோன்றியது எனக் கொள்ள இடமளிக்கிறது. ஆகவே 1909 அல்லது 1912 என்பது அட்லாண்டிக்கில் அலைச்சறுக்கு தொடங்கிய ஆண்டன்று. ஹவாய் மரபு அதன் அமெரிக்கக் கரையை அடைந்த காலம் மட்டுமே. ஒரு செயலைப் பதிவு செய்தவர் அதற்கு இட்ட பெயரையே வரலாறு எனக் கொள்ளாது, அவர் விவரித்த செயலைத் தனியே பிரித்து நோக்கும் முறை உழைப்பு, விளையாட்டு ஆகியவற்றின் வரலாற்றாய்வுக்குப் பெரிதும் துணைசெய்யும்.