மார்ஃபான் நோய்: உயரமான பிள்ளைகளின் இதயத்தையும் பாருங்கள்

இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் இரத்தம் கொண்டு செல்லும் பெரிய குழாய் மகாதமனி. அது இதயத்தில் தொடங்கும் இடத்தை மகாதமனி வேர் என்பார்கள். சிலருக்கு இந்த வேர் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வீங்கும். பெரும்பாலும் வலியே தெரியாது. திடீரென உட்சுவர் கிழிந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

இளம் வயதில் இது வர முக்கியக் காரணம் மார்ஃபான் என்னும் பரம்பரை நோய். சுமார் 5000 பேரில் ஒருவருக்கு உண்டு. ஃபைப்ரில்லின் என்ற புரதத்திற்கான மரபணு பழுதாவதால் இரத்தக்குழாய்ச் சுவர் வலுவிழக்கிறது. நல்ல உயரம், நீண்ட விரல்கள், உயரத்தைவிட அதிகமாக விரியும் கைகள், குழிந்த அல்லது துருத்திய மார்பு, கண்ணின் லென்ஸ் இடம் விலகுதல் ஆகியவை அடையாளங்கள்.

அமெரிக்க கைப்பந்து வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986-ல் ஜப்பானில் போட்டியின் நடுவே சரிந்து இறந்தார். வயது 31. மார்ஃபான் இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. பிறகு குடும்பத்தாரைச் சோதித்ததில் அவருடைய சகோதரருக்கும் அதே நோய். அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

வாப்பா, உம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. நான்கில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரும். சொந்தத்தில் மணம் முடித்ததால் வந்தது என்று மருமகளைக் குறை சொல்வது இந்த நோயில் வீண் பேச்சு. பிறவியிலேயே மகாதமனி வால்வு மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழாக இருப்பவர்களுக்கும் வேர் வீங்கலாம்.

எக்கோ பரிசோதனையில் வேரின் அளவு தெரிந்துவிடும். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வீக்கத்தின் வேகத்தைக் குறைக்கும். பளு தூக்குவதும் முட்டி மோதும் விளையாட்டுகளும் கூடாது. பொதுவாக 5 செ.மீ. தொட்டால் அறுவை சிகிச்சை; குடும்பத்தில் யாருக்காவது கிழிந்திருந்தால் அதற்கும் முன்பே. மெக்கானிக்கல் வகைச் செயற்கை வால்வு வைத்தால் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வேர் கிழியும் அபாயம் கூடுகிறது. வேர் 4.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் முதலில் அறுவை சிகிச்சை, பிறகுதான் குழந்தை என்கிறார்கள் மருத்துவர்கள். சம்பந்தம் பேசும்போது இதை மறைப்பது அந்தப் பெண்ணுக்கே செய்யும் அநியாயம். லோசார்டான் போன்ற சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். கர்ப்பத்திற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

ரமலானில் மாத்திரை நேரத்தை நாமாக மாற்றக் கூடாது. ஸஹர், இஃப்தார் நேரத்திற்கு ஒத்துவருமா என்பதை டாக்டர் சொல்லட்டும். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற கடும் வலி திடீரென வந்தால், வாயு என்று இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருக்காமல் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். குடும்பத்தில் மார்ஃபான் இருப்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.