உடல் வலிக்குள் இருந்த வரலாறு: ஆதர் கிளைன்மனின் சீன ஆய்வுகள்

போருக்குப் பிந்திய உளநலம் பற்றித் தேடி வாசித்தபோதுதான் ஆதர் கிளைன்மன் எனக்கு அறிமுகமானார். 1941இல் பிறந்த இவர் அமெரிக்க உளமருத்துவர், மானிடவியலாளர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் கற்பித்தவர். 1969இல் தாய்வான் சென்றதிலிருந்து சீன சமூகத்தில் நோயும் பராமரிப்பும் அவரது ஆய்வுப்பொருளாயின. சீனவியல் கற்ற மனைவி ஜோனும் களத்தில் உடனிருந்தார்.

அவரது புகழ்பெற்ற ஆய்வு 1980இல் ஹுனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில் நடந்தது. கலாசாரப் புரட்சி ஓய்ந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. 'நரம்புத் தளர்ச்சி' எனக் குறிக்கப்பட்ட 100 நோயாளிகளை அவர் சந்தித்தார். தலைவலி, தலைச்சுற்று, நித்திரையின்மை, களைப்பு ஆகியவையே அவர்களின் முறைப்பாடுகள். அமெரிக்க அளவுகோல்களின்படி அவர்களில் 87 பேருக்குப் பெரும் மனச்சோர்வு இருந்தது.

அதை அவர்கள் ஏன் அவ்வாறு சொல்லவில்லை? மாவோ காலத்தில் மனம் சோர்ந்திருப்பது அரசியல் அதிருப்தியாகப் பார்க்கப்படக்கூடும். தலைவலியை எவரும் குற்றமாக்குவதில்லை. அந்த வலிகளை விசாரித்துச் சென்றபோது பகிரங்க அவமதிப்புகளும், பிரிக்கப்பட்ட குடும்பங்களும், விருப்பமின்றி ஏற்ற வேலைகளும் வெளிவந்தன.

நோயாளிகள் நடிப்பதாகக் கிளைன்மன் கருதவில்லை. வலி உண்மையானது, வாயால் சொல்ல முடியாததை உடல் சொன்னது. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலரின் அறிகுறிகளைக் குறைத்தன. ஆனால் வேலையிலும் வீட்டிலும் இருந்த சிக்கல்கள் தீராதவரை பலர் முழுமையாகத் தேறவில்லை. ஆகவே, 'இந்த வருத்தம் ஏன் வந்ததென்று நினைக்கிறீர்கள்? எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள்?' என்று நோயாளியிடமே கேட்கும்படி வைத்தியர்களுக்கு அவர் கற்பித்தார்.

1997இல் வீணா தாஸ், மார்கரெட் லொக் ஆகியோருடன் அவர் தொகுத்த 'சோஷல் சஃபரிங்' நூல், துன்பத்தைத் தனிமனித நோயாக மட்டும் பார்க்காமல் அதிகாரமும் வன்முறையும் உண்டாக்கும் சமூக அனுபவமாக ஆராய்ந்தது. இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வலன்டைன் டானியலின் கட்டுரையும் அதில் உண்டு. அல்சைமர் நோயுற்ற ஜோனைப் பல ஆண்டுகள் பராமரித்த அனுபவத்தை, அவர் 2011இல் மறைந்த பின்னர், 2019இல் கிளைன்மன் நூலாக எழுதினார்.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் போரின் பாதிப்பு உடல் முறைப்பாடுகளாக வெளிப்படுவதைப் பதிவுசெய்துள்ளார். நெஞ்சு எரிவு, உடம்பு உளைவு என்று கிளினிக்குக்கு வரும் ஒரு தாயிடம், மாத்திரை எழுதுமுன் அவர் யாரை இழந்தார், இன்னும் யாரைத் தேடுகிறார் என்று கேட்க வேண்டும். சாங்ஷா ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது அதையே.