எந்தக் கிணற்றுத் தண்ணீர்?

ரேடியேட்டரின் மேல்தொட்டியை ஈயம் உருக்கி எடுத்ததும் வாப்பா முதலில் செய்வது, குழாய்களின் வாயில் படிந்திருப்பதை நகத்தால் சுரண்டிப் பார்ப்பது. வெள்ளைப் பொருக்காக உதிர்ந்தால் வண்டி கடற்கரைப் பக்கத்து வளவில் நிற்பது. சாய்ந்தமருதோ மருதமுனையோ, கடலை ஒட்டிய கிணறு. செம்மண் களியாக வந்தால் சம்மாந்துறைக்கு மேற்கே வயல் வட்டைக்குள் ஓடும் வண்டி. வாய்க்காலில் வாளி போட்டு அள்ளி ஊற்றியிருப்பார்கள். நம்பர் தகட்டைப் பார்க்காமலே சொந்தக்காரரின் ஊரை ஓரளவுக்குச் சொல்லிவிடுவார். கல்முனையில் எங்களுடையது லாம்புக்கும் வாளிக்கும் ஈயம் ஒட்டும் கடையாகத்தான் தொடங்கியது. ஜீப்புகள் வந்த பிறகுதான் ரேடியேட்டர் கடையானது.

ஜீப் வந்த கதைக்கு 1949க்குப் போக வேண்டும். அந்த வருடம்தான் டி. எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தது. நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்ட, அமெரிக்காவின் ஐடஹோவிலிருந்து மொரிசன்-நட்சன் கம்பனி பெரிய பெரிய இயந்திரங்களோடு வந்து இறங்கியது. அதுவரை பெரிய வயற்காரரான போடிமார் வட்டைக்குப் போனது மாட்டு வண்டிலில். அணையோடு சேர்ந்து வந்த பாதைகளில் சபையின் ஜீப்புகள் ஓடின. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து கழித்து விட்ட வில்லீஸ் ஜீப்புகளைப் பணமுள்ள போடிமார் வாங்கினார்கள். பின்னால் லேண்ட் ரோவர் வந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமான பிறகு கச்சேரி அலுவலுக்கும் மேற்கே போக வேண்டியதாயிற்று. காணி மேற்கே, கச்சேரி மேற்கே, வீடு மட்டும் கடற்கரை மணலில். அந்த மணலுக்குள்தான் என்ஜினின் வருத்தம் இருந்தது.

எங்கள் கரையோர ஊர்களின் நல்ல தண்ணீர் என்பது மாரியில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்பது. அளவாக அள்ளினால் இனிக்கும். கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். குடிக்க நாக்கு கரிக்காது என்பதால் ரேடியேட்டருக்கும் நல்லது என்று நினைப்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூடேறினால் வெளியே வந்து, எங்கே சூடு அதிகமோ அங்கேயே ஒட்டும். என்ஜின் தலையில் எக்சோஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இடம்தான் அதிகம் கொதிக்கும். தண்ணீர் போய்க் குளிர்த்த வேண்டிய இடத்தையே சுண்ணாம்பு போர்த்திக்கொள்ளும்.

ஒருமுறை ஊற்றிய தண்ணீரில் சுண்ணாம்பு கொஞ்சம்தான். அது படிந்து முடிந்தால் அதோடு சரி. கேடு, தினமும் ஊற்றுவதில் இருக்கிறது. ஒழுகும் ரேடியேட்டருக்குக் காலையில் ஒரு செம்பு, பகலில் ஒரு செம்பு என்று ஊற்ற ஊற்ற, ஒவ்வொரு செம்பும் தன் பங்கு சுண்ணாம்பைக் கொண்டுவரும். ஆகவே ஒழுக்கை அடைப்பதுதான் பொருக்குக்கும் மருந்து. இதைப் போடிமாருக்கு விளங்கப்படுத்துவது லேசான வேலையல்ல.

“என்ன தம்பி, போன மாசம்தானே செஞ்சு தந்த நீங்க. திரும்பவும் கொதிக்கிது.”

“போடியார், ரேடியேட்டருக்கு ஒரு வருத்தமும் இல்ல. உங்கட கிணத்துக்குத்தான் வருத்தம்.”

மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றச் சொல்லுவார் வாப்பா. கார்த்திகை மார்கழியில் ஓட்டுக்கூரையில் விழும் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பீப்பாயில் பிடித்து மூடி வைப்பது. கேட்டு நடந்த போடிமாரின் ஜீப்புகள் எங்கள் கடைக்கு அபூர்வமாகத்தான் வந்தன. வியாபாரமாகப் பார்த்தால் மோசமான புத்திமதிதான்.

தண்ணீரை அடுத்து காற்று. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தோலை உரிக்கும். காலையில் கல்முனையிலிருந்து அம்பாறைக்குப் போகும்போது அது எதிர்க்காற்று. வண்டி ஒழுங்காகப் போகும். பகல் திரும்பி வரும்போது அதே காற்று முதுகில். வண்டி மணிக்கு இருபது மைல், காற்றும் ஏறக்குறைய இருபது மைல் என்றால் ரேடியேட்டருக்கு முன்னால் காற்று செத்துவிடும். காற்றாடி இழுப்பது மட்டும்தான் மிச்சம். “போகக்குள்ள ஒண்டும் இல்ல, வரக்குள்ளதான் கொதிக்கிது” என்று சொல்லி எத்தனையோ பேர் என்ஜினைப் பிரிக்கச் சொன்னார்கள். காற்றைப் பார்த்துக் கிளம்பச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். இல்லாவிட்டால் நடுவில் மரநிழலில் வண்டியைத் திருப்பி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து நிறுத்த வேண்டும்.

பாலைவனத்தில் இதையே செய்தார்கள் என்று பிற்காலத்தில் வாசித்தேன். ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1920களின் கடைசியிலிருந்தே ஃபோர்ட் கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போய்வந்தவர். 1940இல் எகிப்தில் நெடுந்தூரப் பாலைவனப் படையணியை உருவாக்கியவரும் அவர்தான். ரேடியேட்டரின் மேல் குழாயை ஒரு டின்னுக்குள் விட்டு, பாதி தண்ணீர் நிரப்பி, கொதித்து வரும் ஆவியை அதில் பிடித்தார். டின்னும் கொதிக்கத் தொடங்கினால் வண்டியைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்துவார்கள். என்ஜின் ஆறியதும் டின் தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டர் தானே உறிஞ்சிக்கொள்ளும். பின்னால் பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். படையினர் ஜீப்பின் முன்கிராதிக் கம்பிகளைக்கூட வெட்டி எறிந்தார்கள், காற்றுப் போக.

எங்கள் ஊரிலும் பால்மா டின்னைக் கட்டித் தொங்கவிட்ட ஜீப்புகள் இருந்தன. பாதி வேலைதான் செய்தார்கள்: குழாயின் நுனி தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும், மூடியும் குழாயும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். குழாய் மேலே தொங்கினால் ரேடியேட்டர் உறிஞ்சுவது வெறும் காற்றை.

மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமுக்க மூடி என்பது தண்ணீரை அடைத்து வைக்க மட்டும் உள்ளதல்ல. சாதாரணமாக 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், 4 இறாத்தல் அமுக்க மூடிக்குக் கீழே சுமார் 107 பாகையிலும், 10 இறாத்தல் மூடிக்குக் கீழே சுமார் 115 பாகையிலும்தான் கொதிக்கும். ரேடியேட்டர் வெடித்துவிடும் என்ற பயத்தில் மூடியின் ரப்பரைப் பிடுங்கிவிட்டு ஓடியவர்கள் அந்தப் பதினைந்து பாகையைச் சும்மா பறிகொடுத்தார்கள். கொதிக்கும்போது மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்களும் உண்டு. கடையில் பழைய மருதமுனைச் சாரன் ஒன்று ஆணியில் எப்போதும் தொங்கும். அதை நனைத்து மூடிமேல் போட்டு, முதல் கொளுவி வரைக்கும் திருகி, சீறல் அடங்கும் மட்டும் கையை எடுக்காமல் நிற்பார் வாப்பா.

இந்த வண்டிகளைச் செய்த ஆட்களுக்குச் சூட்டைவிடக் குளிர்தான் பெரிய கவலை. லேண்ட் ரோவரை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் தன் பண்ணைக்கு ஒரு பழைய வில்லீஸ் ஜீப்பை வைத்திருந்தார். 1947இல் அங்கே கடற்கரை மணலில் கோடு கீறித்தான் லேண்ட் ரோவரைத் தன் அண்ணனுக்குக் காட்டினார் என்பார்கள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி வெளியே வந்தது. அவர்களுடைய கடற்கரையில் ரேடியேட்டருக்கு முன்னால் போர்வை கட்டி ஓட்டுகிற நாட்கள் உண்டு.

அதனால் இங்கே வந்த லேண்ட் ரோவரின் தேர்மோஸ்டாட்டைக் கண்டதும் மெக்கானிக் பாஸ்மார் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: “இஞ்ச என்ன குளிரா?” பிடுங்கி எறிந்தார்கள். அம்பாறை தொடங்கி பொத்துவில் மட்டும் தேர்மோஸ்டாட் இல்லாத வண்டிகள்தான் ஓடின. இதில் வாப்பா தனி ஆள். எறிந்த தேர்மோஸ்டாட்டுகளைப் பொறுக்கி பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். சிறு வயதில் எங்களுக்கு அதில் விளையாட்டு: நூலில் கட்டிக் கேத்தல் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுவோம். தண்ணீர் கொதிக்க முன்னமே நடுத்தட்டு மெல்ல எழும்பும்; வெளியே எடுத்ததும் மறுபடி உட்காரும். எழும்பாதது செத்தது. செத்ததைக் கழற்றுவது சரிதான், உயிருள்ளதைக் கழற்றக் கூடாது. பக்கவழிக் குழாய் உள்ள என்ஜினில், சூடேறியதும் அந்தப் பக்கவழியை மூடுவதும் தேர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள் திரும்பும். குளிரட்டும் என்று கழற்றியது, ஏற்றத்தில் கொதிக்க வைக்கும். கண்டிக்குப் போகும் வழியில் ஹசலக்கையைத் தாண்டிப் பதினெட்டு வளைவில் வாளியோடு நின்றவர்களில் எத்தனை பேர் இப்படி நின்றார்களோ.

எங்கள் கடைக்கு உண்மையான பெருநாள் சூடடிக்கும் காலம். எருமையை விட்டு மிதித்த களத்தில் உழவு மெசின் வந்த பிறகு, மெசி பெர்குசன் 35, பிறகு 135, இரவு முழுக்கக் கதிரின் மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆமை வேகம், என்ஜினில் பாரம், முன்னால் காற்றில்லை. சுற்றிலும் பறக்கும் கூளத்தையும் பதரையும் காற்றாடி இழுத்து ரேடியேட்டரின் தகட்டு இடுக்குகளுக்குள் திணிக்கும். விடியும்போது பார்த்தால் ரேடியேட்டர் முகம் வைக்கோல் பாய் விரித்ததுபோல இருக்கும். ஜீப்பிலும் இதே கதைதான், புல் விதையாலும் தும்பிப்பூச்சியாலும். தடுக்கிறோம் என்று நுளம்பு வலையைக் கட்டினார்கள்; வலை தூசியைப் பிடித்தது, காற்றையும் பிடித்தது. கோழிக்கூட்டுக் கம்பிவலை போதும், அதையும் மணிக்கொருதரம் தட்டிவிட வேண்டும். கழுவும்போது முன்னாலிருந்து தண்ணீரைப் பீச்சினால் குப்பை இன்னும் ஆழத்துக்குப் போகும். என்ஜின் பக்கமிருந்து முன்னோக்கித் தள்ளி, மிச்சத்தை ஈர்க்கால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இதைச் செய்யப் பொறுமையில்லாதவர்கள் எங்களுக்குக் காசு தந்தார்கள்.

மாரி வந்தால் வேறு வகை. கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் நடுவே கிட்டங்கித் தாம்போதிமேல் வெள்ளம் பாயும். கடக்க முன்னம் காற்றாடிப் பட்டியைக் கழற்றுவார்கள், காற்றாடி தண்ணீரை அள்ளி என்ஜின்மேல் அடிக்காமலிருக்க. அக்கரை ஏறிய சந்தோசத்தில் பட்டியைத் திரும்பப் போட மறந்து, சவளக்கடைக்குப் போக முன்னமே கொதிக்கவிட்டவர்கள் பலர். வெள்ளத்துச் சேறு தகட்டிடுக்கில் காய்ந்தால் செங்கல்தான்.

ஒட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இப்போது குறைவு. ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, ஒரு வாயில் சைக்கிள் பம்பைச் சொருகி, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி அடித்தால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். அந்த இடத்தில் சோக்குக் கட்டியால் குறி. வழியில் ஒழுகியபோது டிரைவர்மார் போட்ட மஞ்சள்தூள் அங்கே களியாக உறைந்திருக்கும். அவசரத்துக்கு அது பலன் தரும்தான், ஆனால் நல்ல குழாய்களையும் சேர்த்து அடைக்கும். பித்தளை பளிச்சென்று மின்னும்வரை சுரண்டி, அசிட் பூச வேண்டும். வெறும் அசிட் அல்ல. பழைய டோர்ச் பற்றறியின் நாக ஓட்டைத் துண்டு துண்டாக வெட்டி உப்பமிலத்தில் போட்டு, நுரைத்து அடங்கவிட்டது. பிறகு புளோலாம்பில் காய்ந்த செப்புக்கோலை வைத்தால் ஈயம் ஓடிப் பிடிக்கும். கோல் கூடக் காய்ந்தால் பக்கத்துக் குழாயின் ஒட்டும் விட்டுப்போகும். ஒன்றை ஒட்டப்போய் மூன்றைப் பிரிக்கும் கைக்கு இந்தத் தொழில் சரிவராது.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து உதிரிப்பாகம் கண்ணுக்குத் தெரியாமல் போனபோது இந்தக் கை வேலைதான் ஜீப்புகளை ஓடவைத்தது. 1973க்குப் பிறகு பெற்றோல் விலையும் ஏறியது. 1977இல் கதவு திறந்ததும் பாவித்த ஜப்பான் டீசல் என்ஜின்கள் கப்பலில் வந்தன. லேண்ட் ரோவரின் பெற்றோல் என்ஜினைத் தூக்கிவிட்டு அவற்றை வைத்தார்கள். என்ஜின் பொருந்தியது, காற்றாடி பொருந்தவில்லை. ரேடியேட்டரின் நடுவுக்கு வர வேண்டியது கீழேயோ ஒரு பக்கமாகவோ நின்றது. இடையில் ஒரு சாண் இடைவெளி. காற்றாடி ரேடியேட்டருக்குள்ளால் இழுக்காமல் என்ஜின் அறைக்குள்ளிருந்த சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடித்தது. தகரத்தை வளைத்துக் கூண்டு செய்து, காற்றாடி இலையில் பாதி கூண்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும்படி வைத்துக் கொடுத்தோம். பெரிய ரேடியேட்டர் கேட்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தேவைப்பட்டது அந்தத் தகரக் கூண்டுதான். உள்நாட்டு யுத்த காலத்தில் வட்டைப் பக்கம் போகப் பயந்து பல ஜீப்புகள் வளவுகளில் நின்றன. நின்ற வண்டிக்குள் உவர் தண்ணீரும் நின்றது. உள்ளே துரு இருந்தபடியே வேலை செய்தது.

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வராது. இலங்கையில் ஆகக்கூடுதலாக மௌத்தானவர்கள் அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். வண்டியைப் பற்றி அப்போது யார் நினைத்தது? மாதங்கள் கழித்துத்தான் கடலில் ஊறிய ஜீப்புகள் வந்தன. பித்தளை ரேடியேட்டர்களை நல்ல தண்ணீரில் அலசி மீட்க முடிந்தது. அலுமினியத் தகடுகள் கையில் மாவாக உதிர்ந்தன. கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகி, இறைத்து இறைத்துப் பார்த்தும் பல காலம் தேறவில்லை. பவுசரில் வந்த குடிதண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்ற ஆருக்கும் கை வரவில்லை. அந்த மாரியில்தான் ஊர் முழுக்கப் பீப்பா வைத்தது.

இப்போது கூலன்ட் கலந்து ஊற்றச் சொல்கிறேன், மழைத் தண்ணீரோடோ காய்ச்சி வடித்த தண்ணீரோடோ. உறையாமலிருக்க என்று போத்தலில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு, அதிலுள்ள துருத்தடுப்பு மருந்துக்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம் என்று சொல்வேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, கோழி அடைய விட்டிருந்த லேண்ட் ரோவர்களை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். பலவற்றில் பித்தளை ரேடியேட்டர் இல்லை. கிலோக் கணக்கில் பழைய இரும்புக்காரனுக்கு எப்போதோ விற்றாயிற்று. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் உயரம் சரியாக இருப்பது அகலம் குறைவாக இருக்கிறது. இரண்டு பழைய தொட்டிகளை வெட்டி ஒன்றாக ஒட்டித்தான் பொருத்த வேண்டியிருக்கிறது. மருமகன் அலுமினியத்தில் பிளாஸ்டிக் தொட்டி போட்டது ஒன்றை வாங்கிப் பூட்டினால் அரை நாளில் வேலை முடியும் என்கிறான். முடியும்தான். வெடித்தால் அதற்கு ஈயம் பிடிக்காது, தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று வாங்க வேண்டும். வருகிறவரிடம் இரண்டு விலையையும் சொல்லிவிடுகிறோம். முக்கால்வாசிப் பேர் பிளாஸ்டிக்கையே கேட்கிறார்கள்.