இடையன்குடி சேகரம்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், திசையன்விளைக்கு அருகே, செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த இடையன்குடியை மையமாகக் கொண்டது இச்சேகரம். ஆங்கிலிக்கன் திருச்சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்தால் வளர்க்கப்பட்டது, 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. ஊர்ப்பெயரில் இடையர் இருந்தாலும், சபையாரில் பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்த நாடார் குடும்பத்தார்.

1841இன் இறுதியில் எஸ்.பி.ஜி. மிஷனரியாக ராபர்ட் கால்டுவெல் இங்கு வந்தார். நேர்த்தெருக்கள் அமைத்து, கிணறுகள் வெட்டி, ஊரையே திருத்திக் கட்டினார். 1844இல் அவரை மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள், தமிழை நன்கறிந்தவர். பெண்களுக்குப் பள்ளி நடத்தியதோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். சபையாருடன் உரசலும் இருந்தது. 1849இல் நாடார்களைப் பற்றிக் கால்டுவெல் வெளியிட்ட 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற நூல் அச்சமூகத்தாரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. அந்த எதிர்ப்பு நியாயமானதே.

சேகரத்தின் தாய்க்கோயில் தூய திரித்துவ ஆலயம். 1847இல் தொடங்கிய வேலை முடிந்து பிரதிஷ்டையானது 1880இல். ஒரு கிராமக் கோயிலுக்கு 33 ஆண்டு! கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் பாணி, உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பழக்கமில்லாதது. வரைபடம் காட்டிப் புரியவைக்க முடியாத இடங்களில், கால்டுவெல்லே களிமண்ணைப் பிசைந்து மாதிரி செய்து காட்டியதாகச் சொல்வார்கள். அதைப் பார்த்துத்தான் அவர்கள் கல்லில் செதுக்கினார்களாம். இந்தக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அவரைத் தமிழுலகம் அந்நூலால் அறியும். இடையன்குடியாருக்கோ அவர் கோயில் கட்டிய ஐயர்.

தாய்க்கோயிலைச் சுற்றியுள்ள சிற்றூர்ச் சபைகளை உபதேசியார்களே கவனித்தனர். 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தின்போது எஸ்.பி.ஜி. வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையில் சேர்ந்தனர். 1877இல் கால்டுவெல் கல்கத்தாவில் பேராயராக அருட்பொழிவு பெற்றார். ஆலயம் முடிந்த சில ஆண்டுகளில் அவர் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார்.

1891 ஆகஸ்ட் 28இல் கொடைக்கானலில் இறந்த அவரது உடல் இங்கே கொண்டுவரப்பட்டு, ஆலயத்தின் பலிபீடத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வாழ்ந்த வீடு இப்போது தமிழ்நாடு அரசின் நினைவில்லம்.