பரிக்கு ஏற்ற போர்வை

மழைக்காலத்தில் அகவிய மயிலைக் கண்டு, அது குளிரால் நடுங்குகிறது என்றெண்ணித் தன் போர்வையை ஈந்தவன் பேகன். அம்மயிலுக்குப் போர்வை வேண்டுமா என்று அவன் ஆராயவில்லை. வள்ளலுக்கு அது பெருமை; சான்றோர் அதனைக் கொடைமடம் எனப் போற்றினர். ஆயின், உயிரொன்றைக் கட்டிக் காப்பவனுக்கு அம்மடம் பொருந்தாது. எதனைப் போர்த்துவது, எப்பொழுது போர்த்துவது, எப்பொழுது அகற்றுவது என்று அறியாத அன்பு பயன் தருவதில்லை. குதிரைப் போர்வையின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

தமிழகத்தில் குதிரை பெரும்பாலும் கடல் கடந்து வந்த செல்வம். காவிரிப்பூம்பட்டினத் துறையில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சுட்டுகிறது. பாண்டியன் தந்த பொன்னோடு குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாற்றை அறியாத தமிழர் இலர். குதிரையைப் பூட்டி அணிசெய்தலுக்குப் 'பண்ணுதல்' என்றும், சேணத்துக்குக் 'கலணை' என்றும், தலையணிக்குத் 'தலையாட்டம்' என்றும் நம் மொழியில் சொற்கள் உண்டு. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களில் பாய்ந்தெழும் குதிரைகளின் அணிகலன்களை இன்றும் காணலாம். இவையெல்லாம் ஊர்தற்கும் அழகுக்கும் உரியவை. ஊர்ந்து முடித்து லாயத்தில் நிற்கும் குதிரையின் நலம் வேறொரு பொருள்.

அந்நலத்தில் நேர்ந்த குறையை அயலார் இருவர் எழுதி வைத்துள்ளனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னனும் அவனுடைய உடன்பிறந்தார் நால்வரும் ஆண்டுதோறும் தனித்தனியே 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட எஞ்சவில்லை என்றும் கூறுகிறார். பேணத் தெரிந்தவர் இல்லாமையும், சோற்றையும் இறைச்சியையும் சமைத்து ஊட்டியமையும் அவர் காட்டும் குறைகள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், குதிரைகளை 40 நாள் முளையடித்துக் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்தபின், பழக்காமலே ஏறி ஓட்டினர் என்கிறார். எண்களில் மிகை இருக்கலாம். எனினும், வறண்ட அரபு நாட்டுக் குதிரைக்குப் புழுங்கும் கடற்கரையில் வேண்டியவை நிழலும் காற்றும் நல்ல உணவும் என்பது தெளிவு. அங்கே பட்டுப் போர்வை விழாக்கோலம் ஆகலாமேயன்றிக் காப்பு ஆகாது.

வடநாட்டில் நிலைமை வேறு. அக்பர் (ஆட்சி 1556–1605) காலத்து லாயக் கணக்கை அபுல் ஃபசல் தம் 'அயினி அக்பரி'யில் நுணுக்கமாகத் தந்துள்ளார். பேரரசரின் சொந்தக் குதிரை ஒன்றுக்குப் பஞ்சு திணித்த சீட்டித்துணிப் போர்வை 47 தாம். பிடரிப் போர்வை 32 தாம். கம்பளித் துவாலை 2 தாம். ஒரு ரூபாய்க்கு 40 தாம். இம்மூன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வழங்கப்பட்டன. ஆகவே, அக்குதிரைக்கு ஆண்டுதோறும் ஒதுக்கிய 277½ தாமில் 162 தாம் இவற்றுக்கே சென்றது. கடிவாளத்துக்கும் கயிற்றுக்கும் சேணவிரிப்புக்கும் ஆன செலவு எல்லாம் சேர்ந்தும் இதனினும் குறைவு. அழுக்கும் வியர்வையும் ஏறிய பழம்போர்வை குதிரைக்குத் தீங்கு என்பதை அக்கணக்கரும் உணர்ந்திருத்தல் வேண்டும்.

சேணவிரிப்பைப் பற்றிய குறிப்பும் சிந்திக்கத்தக்கது. அதன் மேற்புறம் மயிரால் நெய்தது. உட்புறம் கம்பளி மயிரை அடித்துப் படியவைத்த நம்தா. தேய்வைத் தாங்க ஒன்று. முதுகை உறுத்தாமல் வியர்வையை ஈர்க்க மற்றொன்று. பொருளின் இயல்பறிந்து தேர்ந்த தேர்வு இது.

இத்தேர்வின் நெறி இன்றும் மாறவில்லை. குளிர்காலத்தில் குதிரைக்கு அடர்ந்த மயிர் தானே வளர்கிறது. மயிர்களிடையே தங்கும் காற்று உடற்சூட்டைக் காக்கும். ஆதலால், நலமுள்ள குதிரை வறண்ட குளிரைத் தாங்கும். மழையும் வாடையும் கூடினால் தளரும். மயிர் கத்தரிக்கப்பட்டதற்கும், முதியதற்கும், மெலிந்ததற்கும், வெப்பநாட்டிலிருந்து புதிதாய் வந்ததற்கும் போர்வை இன்றியமையாதது. பஞ்சுப் போர்வை வறண்ட குளிருக்கு நன்று. நனைந்தால் கனத்துக் குளிரும். கம்பளி சற்று ஈரத்திலும் வெதுவெதுப்புத் தரும். மழைக்கு நீர் புகாத மேலுறை வேண்டும். கோடையில் ஈ மொய்க்காதிருக்க மெல்லிய வலைத்துணி போதும்.

நடுமார்பு தொடங்கிப் பக்கவாட்டில் பின்தொடையின் முடிவுவரை அளந்து போர்வை கொள்ளல் வேண்டும். சிறியது தோளை உராய்ந்து புண்ணாக்கும். பெரியது சரிந்து காலில் சிக்கும். ஓடி வியர்த்த குதிரையை மெல்ல நடத்தி ஆற்றிய பின்னரே தடித்த போர்வையை இடுதல் முறை. போர்த்த பின்னும் உள்ளே கைவிட்டுப் பார்த்து, வியர்வை கண்டால் உடனே நீக்க வேண்டும். வயிறு நிறைய உலர்புல் இல்லாவிடில் எப்போர்வையும் முழுக்காப்பு ஆகாது.

அரபு நாட்டுக் குதிரை தென்னாடு சென்று துன்புற்றது. தென்னாட்டினராகிய நாம் வடநாடு வந்து ரஜாயின் அருமையை அறிந்தோம். தைமாதக் குளிரில் குழந்தைகளுக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்தும் நம் தாய்மார்கள், வெயில் ஏறியதும் அதனைக் களையவும் அறிவார்கள். தன் குளிரை வாய்விட்டுச் சொல்ல இயலாத உயிருக்கும் அவ்வறிவே வேண்டும். பேகனின் நெஞ்சும், லாயத்துக் கணக்கரின் கண்ணும், வாதுவனின் கையும் ஒன்றுசேரும் இடத்தில்தான் குதிரை நலமுடன் வாழும்.